தமிழ்வழியில் ஜெர்மன்

ஜெர்மன் சொல்லித்தருகிற இடங்களில் பெரும்பாலும் முதல் வகுப்பிலேயே ஒரு சட்டம் போட்டுவிடுவார்கள். மனசுக்குள் மொழிபெயர்க்கக் கூடாது; ஜெர்மனில் கேட்டு, ஜெர்மனில் யோசித்து, ஜெர்மனிலேயே பதில் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் கழித்து ஒரு சொல் யாருக்கும் விளங்கவில்லை என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் பொருளைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். மாணவர்கள் வைத்திருக்கும் சொற்பட்டியலும் ஆங்கிலத்தில், கைபேசி அகராதியும் ஆங்கிலத்தில். ஆக, மொழிபெயர்ப்புக்குத் தடை என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். உண்மையில் தடை தமிழுக்கு மட்டும்.

நான் சில வருடங்களாக இதற்கு நேர் எதிராகச் செய்துவருகிறேன். படிக்கிற ஜெர்மன் பக்கத்தைத் தமிழில் எழுதிவிடுவேன். சில நாள் அதை ஆறப்போடுவேன். அப்புறம் அசலைப் பார்க்காமல், என் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ஜெர்மனில் எழுதுவேன். கடைசியில் இரண்டு ஜெர்மனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நானே கண்டுபிடித்த முறை இல்லை இது, மிகப் பழையது. அதில் எல்லாரும் ஆங்கிலத்தை வைக்கிற இடத்தில் நான் தமிழை வைத்தேன். ஜெர்மன் விஷயத்தில் அந்த ஒரு மாற்றம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முறையின் பழங்கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோஜர் ஆஸ்கம் என்று ஓர் ஆங்கிலேயர், பின்னாளில் ராணியான முதலாம் எலிசபெத்துக்கு இளவயதில் கிரேக்கமும் லத்தீனும் சொல்லிக்கொடுத்தவர். 1568இல் இறந்துபோனார். அவர் எழுதிவைத்திருந்த புத்தகத்தை 1570இல் அவர் மனைவி அச்சுக்குக் கொடுத்தார். பையனுக்கு இரண்டு நோட்டு வேண்டும் என்கிறார் ஆஸ்கம். பண்டைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் கடிதம் ஒன்றை ஆசிரியர் விளக்கிச் சொன்னபிறகு, பையன் தனியாக உட்கார்ந்து அதை முதல் நோட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஆசிரியர் லத்தீன் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்வார். ஒரு மணி நேரமாவது போகட்டும். பிறகு தன் ஆங்கிலத்தைப் பார்த்து இரண்டாம் நோட்டில் லத்தீனில் எழுத வேண்டும். அதை சிசரோவோடு ஒப்பிட்டு, இங்கே சிசரோ இந்தச் சொல்லைப் போட்டிருப்பார், இதை அங்கே வைத்திருப்பார் என்று ஆசிரியர் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும், அடிக்கக் கூடாது. பிரம்படிக்குப் பயந்து பிள்ளைகள் பள்ளியைவிட்டு ஓடிய காலத்தில் இப்படி எழுதியிருக்கிறார் என்பதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். எலிசபெத்தும் காலையில் கிரேக்கம், பிற்பகலில் சிசரோ என்று இப்படி இருவழியாக எழுதியெழுதித்தான் தேறினார் என்கிறார். ஆஸ்கமுக்கும் ஆயிரத்துச் சொச்சம் வருடம் முன்பே இளைய பிளினி என்ற ரோமானியர், கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும் லத்தீனிலிருந்து கிரேக்கத்துக்கும் மாற்றிப் பழகு என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

இவ்வளவு மரியாதையான முறைக்குக் கெட்ட பெயர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அன்றைய ஐரோப்பியப் பள்ளிகளில் பேச்சே கிடையாது. இலக்கண விதி ஒன்று, அதற்கு ஒன்றோடொன்று ஒட்டாத வாக்கியங்கள் சில, அவற்றை மொழிபெயர், முடிந்தது பாடம். 1882இல் வில்ஹெல்ம் ஃபியேட்டர் என்ற ஜெர்மானியர், மொழிக்கல்வி வந்த வழியே திரும்ப வேண்டும் என்று புனைபெயரில் ஒரு சிறுநூல் போட்டு வெடி வைத்தார். அதற்கு நாலு வருடம் முன்னால், 1878இல், அமெரிக்காவில் பெர்லிட்ஸ் என்பவர் தன் மொழிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். தாய்மொழி வாசமே படாமல் கற்பிப்பதற்கு அங்கேதான் பெரிய சந்தை கிடைத்தது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அவர்கள் கோபப்பட்டது உயிரில்லாத வாக்கியங்களின் மீது. நமக்குப் படிக்கப் பிடித்த ஒரு கதையை, அதில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையோடு மொழிபெயர்ப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள்.

சரி, ஜெர்மனுக்கு வருகிறேன்.

நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் பக்கம், இயந்திர உதிரிபாகம் செய்கிற இடத்தில். வரைபடங்களோடும் இயந்திரங்களோடும் ஜெர்மன் குறிப்புகள் வரும். எந்தக் கையேட்டைப் பிரித்தாலும் கண்ணில் படுகிற ஒரு தொடர்: ‘டீ இம் லீஃபரும்ஃபாங் என்ட்ஹால்டெனென் ஷ்ரௌபன்’. முதலில் வரும் ‘டீ’ ஒரு சுட்டு, அதை விட்டுவிடுங்கள். மீதியை அதே வரிசையில் தமிழில் வையுங்கள்: டெலிவரியில் அடங்கிய ஸ்க்ரூக்கள். அவ்வளவுதான். ஒரு சொல்லையும் நகர்த்த வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால் ஸ்க்ரூவை முன்னால் இழுத்துவந்து, டெலிவரியைப் பின்னால் தள்ளி, நடுவில் ஓர் இணைப்பையும் போட வேண்டும்.

நம் பள்ளியில் பெயரெச்சம் என்று படித்தோமே, அதுதான் இது. ‘நேற்று கடையில் அண்ணன் வாங்கிய கார்’ என்று பெயருக்கு முன்னால் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போவோம். ஜெர்மன் செய்தித்தாளும் அரசாங்கக் கடிதமும் இதைத்தான் செய்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் வந்த தன் பயண நூலின் பின்னிணைப்பில் ஜெர்மன் மொழியை வறுத்தெடுத்திருப்பார். அவருடைய பெரிய புகார்களில் ஒன்று, சுட்டுக்கும் பெயருக்கும் நடுவே ஊர்க்கதையெல்லாம் அடைத்துவைக்கிறார்கள் என்பது. இன்னொன்று, வினைச்சொல்லுக்காக வாக்கியத்தின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பது. படித்துச் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு ஆங்கிலம் பேசுகிறவருடையது. வினைமுற்று கடைசியில் வருவதில் நமக்கு என்ன அதிசயம் இருக்கிறது?

உப வாக்கியங்களும் அப்படித்தான். ‘அவன் நாளை பெர்லினுக்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும்’ என்பதை ஜெர்மனில் எழுதினால் ‘எனக்குத் தெரியும்’ முன்னால் போய்விடும், நம் ‘என்று’ செய்கிற வேலையை ‘டாஸ்’ என்ற சொல் வாசலில் நின்றுகொண்டு செய்யும். உள்ளே போய்ப் பார்த்தால் அவன், நாளை, பெர்லினுக்கு, வருகிறான் என்று அதே வரிசை. வகுப்பில் இந்த இடம் வந்ததும் ஆங்கிலம் வழியாக யோசிக்கிறவர்கள் வினையைப் பிடுங்கிப் பிடுங்கிக் கடைசிக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் வீட்டில் பேசுகிற மொழியிலேயே அது கடைசியில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நான்காம் வேற்றுமையைச் சொல்லாமல் விட முடியாது. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதற்கு ஜெர்மன்காரர் ‘மியர் இஸ்ட் கால்ட்’ என்பார். மியர் என்றால் எனக்கு. ஆங்கிலம் வழியாகப் போகிறவர் ‘நான் குளிர்’ என்பதுபோல ‘இஷ் பின் கால்ட்’ என்று கட்டிவிடுவார். கேட்கிறவருக்கு அது, நான் நெஞ்சில் ஈரமில்லாத மனிதன் என்பதுபோல் ஒலிக்கும். ‘அந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பதற்கும் இதே கதை. படம்தான் எழுவாய், எனக்கு என்பது நான்காம் வேற்றுமை. நமக்கு நாக்கில் ஊறிய அமைப்பை ஆங்கிலத்துக்குப் போய் உடைத்து, அங்கிருந்து ஜெர்மனுக்கு வந்து மறுபடி ஒட்டவைப்பது வீண் அலைச்சல்.

இப்படியே சொல்லிக்கொண்டுபோனால் ஜெர்மன் தமிழின் ஒன்றுவிட்ட தம்பி என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். நம் ஊரில் அதற்கு ஆள் இருக்கிறது. இரண்டுக்கும் உறவு கிடையாது. நேர் வாக்கியத்தில் ஜெர்மன் வினை இரண்டாம் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அங்கே தமிழ் உதவாது. ‘என்னிடம் கார் இருக்கிறது’ என்று நாம் சொல்வதை அவர்கள் ஆங்கிலேயரைப் போலவே ‘நான் கார் உடையேன்’ என்கிற கணக்கில் சொல்வார்கள். அப்புறம் பெயருக்கு முன்னால் நின்று பால் காட்டும் அந்த டேர், டீ, டாஸ் சுட்டுகள். மேசைக்கு ஆண்பால், விளக்குக்குப் பெண்பால், சின்னப் பெண்ணுக்கு அஃறிணை மாதிரி ஒரு மூன்றாம் பால். தமிழில் எழுதும்போது இந்தச் சுட்டுகளெல்லாம் காணாமல் போய்விடும்.

காணாமல் போவதுதான் நல்லது என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். ஆனால் திரும்பி வரும்போது இவற்றைக் கையேந்திக் கேட்க முடியாது, நம் மண்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். தமிழ் எதைத் தின்றுவிட்டதோ அதைத்தான் நாம் கற்றிருக்கிறோமா இல்லையா என்பது திரும்பும் வழியில் தெரியும். வெறுமனே படித்துக்கொண்டு போகிறபோது சுட்டு சரியாக அங்கேயே அச்சாகி இருக்கிறது; எல்லாம் தெரிந்த மாதிரியே ஒரு மயக்கம்.

ஒரு சின்ன உதாரணம். கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளில் இனிப்புக் கஞ்சிக் கதை ஒன்று உண்டு. அரைப் பக்கம்தான் வரும். ஏழைப் பெண் ஒருத்திக்குக் காட்டில் ஒரு கிழவி சட்டி ஒன்றைக் கொடுக்கிறாள். ‘சட்டியே, சமை’ என்றால் அது இனிப்பான சிறுதானியக் கஞ்சி காய்ச்சும், ‘சட்டியே, நில்’ என்றால் நிறுத்தும். ஒருநாள் மகள் வெளியே போன நேரத்தில் அம்மா சமைக்கச் சொல்லிவிடுகிறாள், நிறுத்துகிற வார்த்தை அவளுக்குத் தெரியாது. கஞ்சி பொங்கி அடுக்களையை, வீட்டை, பக்கத்து வீட்டை, தெருவை நிரப்பிக்கொண்டு போகிறது.

கதையின் முதல் வாக்கியத்தை நான் இப்படித் தமிழாக்கியிருந்தேன்: ‘முன்னொரு காலத்தில் ஏழையும் பக்தியுமான ஒரு பெண் இருந்தாள், அவள் தன் அம்மாவோடு தனியாக வாழ்ந்தாள், சாப்பிட அவர்களிடம் எதுவும் மிச்சம் இல்லை.’ இதை மறுபடி ஜெர்மனில் எழுதும்போது ‘தன் அம்மா’ என்ற இடத்தில் பேனா நிற்கும். தமிழ் ‘தன்’னில் ஆணா பெண்ணா என்ற பேச்சே இல்லை. ஜெர்மனில் முடிவு எடுத்தாக வேண்டும். பெண் என்பதால் ‘ஈரர் முட்டர்’, அதாவது அவளுடைய அம்மா என்று எழுதத் தோன்றும். கிரிம் எழுதியிருப்பது ‘ஸைனர் முட்டர்’, அதனுடைய அம்மா. சின்னப் பெண்ணைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ என்ற சொல் ஆணுமல்லாத பெண்ணுமல்லாத அந்த மூன்றாம் பால் ஆயிற்றே, அதன் அம்மாவும் அந்த இலக்கணப்படிதான் வருவாள். இந்த விதியை வகுப்பில் கேட்டிருப்போம், தேர்வில் கட்டம் நிரப்பியிருப்போம். அவளுக்குச் சாப்பிட ஒன்றும் இல்லாத வாக்கியத்தில் வைத்துத் தெரிந்துகொண்டது மறப்பதில்லை.

அதே வாக்கியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ‘அம்மாவோடு தனியாக வாழ்ந்த பெண்’ என்று இணைப்பு வாக்கியமாகப் போட்டால் வினை கடைசிக்குப் போக வேண்டும் என்பது பாடம். கிரிம் கதையில் வினை முன்னாலேயே நிற்கிறது, வாய்மொழியாகக் கதை சொல்கிற பாட்டி நிறுத்தி நிறுத்திப் பேசுவது போல: ஒரு பெண் இருந்தாள், அவள் வாழ்ந்தாள் அம்மாவோடு தனியாக. எழுத்து இலக்கணத்துக்கும் கதை சொல்லும் குரலுக்கும் உள்ள வித்தியாசம் அது. இந்த வாக்கியத்தை முன்பே எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. எழுதிப் பார்த்து ஒப்பிட்டபோதுதான் பட்டது.

இந்த முறையைப் பெரிய அளவில் செய்துபார்த்த ஒருவர் நமக்கு மிகவும் தெரிந்தவர், ஆனால் எதிர்த்திசையில் வந்தவர். ஜெர்மன் மதபோதகர் பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய இருபத்து நான்கு வயது. அவர் முதல் தமிழ் நூலை அச்சிட்டார் என்று சிலர் தவறாகச் சொல்வார்கள், அதை விடுங்கள். அவர் தமிழ் கற்ற விதம்தான் எனக்கு முக்கியம். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். கொஞ்ச நாளில் ஓலைச்சுவடிகளைச் சேர்த்துப் படிக்கத் தொடங்கினார். தன் அன்றாடத்தைக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். காலையில் முந்தைய நாள் சொற்களைத் திருப்பிப் பார்ப்பது; பிறகு மதியம் வரை, இதுவரை படிக்காத தமிழ் நூல்களை மட்டும் படிப்பது. பக்கத்தில் ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புலவர் பொருள் சொல்வார், எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பேச்சிலும் எழுத்திலும் தான் பின்பற்றக்கூடிய நடையுள்ள ஆசிரியர்களாகத் தேர்ந்தெடுத்து, ஒரே நூலை நூறு தடவைகூடக் கேட்டதாக எழுதுகிறார்.

வந்து இரண்டே ஆண்டில், 1708இல், உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். அந்தத் தேர்வைக் கவனியுங்கள். ‘ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம், ஒருவரையும் பொல்லாங்கு சொல்ல வேண்டாம், மாதாவை ஒருநாளும் மறக்க வேண்டாம்’ என்று வரிக்கு வரி ஒரே அமைப்பு. ‘வேண்டாம்’ என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், முன்னால் வருவது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கொன்றைவேந்தனில் ஒவ்வொன்றும் ஒற்றை வரி, அகர வரிசையில். பிள்ளைகளுக்காக எழுதியவை வெளிநாட்டுக்காரனுக்கும் பாடப்புத்தகமாகிவிட்டன. சட்டியே சமை, சட்டியே நில் என்று கிரிம் கதைகள் சொன்னதையே சொல்வதும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

அதே 1708இல்தான் அவர் எதிர்த்திசை வேலையையும் தொடங்கினார், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் வேலை. 1711இல் முடித்தார், 1714க்கும் 1715க்கும் இடையில் தரங்கம்பாடியிலேயே அச்சாகி வந்தது. தமிழிலிருந்து தன் மொழிக்குப் போய், அங்கிருந்து தமிழுக்குத் திரும்பியிருக்கிறார். ஆஸ்கமின் இரண்டு நோட்டும் அவரிடம் இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய தமிழ் இனித்ததா என்று கேட்டால், இல்லை. தரங்கம்பாடிப் பாதிரியார்களின் தமிழை வீரமாமுனிவர் கிண்டல் செய்து எழுதியிருக்கிறார். வீரமாமுனிவர் தேம்பாவணி எழுதிய ஆள், அவர் தராசில் யார்தான் நிற்க முடியும். ஆனால் இரண்டு வருடத்தில் நீதிவெண்பாவை மொழிபெயர்க்கிற அளவுக்கு வந்துவிட்ட ஒருவரைப் பார்த்து நான் வாய் பிளக்கிறேன்.

மொழிபெயர்ப்பை வேறு விதமாகப் பயன்படுத்தியவர் ட்ராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிஷ் ஷ்லீமன். தான் ஏற்கெனவே பிரெஞ்சில் படித்த நாவலின் கிரேக்க மொழிபெயர்ப்பை வாங்கி, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டே நவீன கிரேக்கம் கற்றார். ஆம்ஸ்டர்டாமில் ரஷ்யன் கற்றபோது ஆசிரியர் கிடைக்கவில்லை. ரஷ்யன் ஒரு சொல்லும் தெரியாத ஒரு பெரியவருக்கு வாரம் 4 ஃபிராங்க் கொடுத்து, தான் மனப்பாடம் செய்ததை உட்கார்ந்து கேட்க வைத்தார். சத்தம் தாங்காமல் மற்றவர்கள் புகார் செய்ய, இரண்டு முறை வீடு மாற்ற வேண்டிவந்ததாம். அவர் வழியைப் பார்த்து, நமக்குத் தெரிந்த புத்தகம் ஒன்று ஜெர்மனில் இருந்தால் சுலபமாயிற்றே, திருக்குறள் இருக்கிறதே என்று தோன்றும். கார்ல் கிரௌல் 1856இல் ஜெர்மனில் கொண்டுவந்தார். வேண்டாம். சூத்திரம்போல் சுருங்கிய செய்யுள், அதுவும் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஜெர்மனில். பெர்லினில் ரொட்டி வாங்க உதவாது.

தனியாகச் செய்கிறவருக்கு உள்ள உண்மையான சிக்கல் கடைசிக் கட்டத்தில்தான். என் வாக்கியம் கிரிம்முடைய வாக்கியத்திலிருந்து விலகியிருக்கிறது. அது தப்பா, அல்லது இன்னொரு விதமா? ஆஸ்கமின் பையனுக்குப் பக்கத்தில் ஆசிரியர் இருந்தார், சீகன்பால்குக்குப் புலவர் இருந்தார். இப்போது அந்த இடத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பைக் கொண்டுவரலாம், ஆனால் கடைசியில் மட்டும். முதலிலேயே ஜெர்மனை ஒட்டி, அது தருகிற தமிழைப் படித்தால் கதை தெரியும், ஜெர்மன் தெரியாது. என் வாக்கியத்தைக் கொடுத்து இப்படிச் சொல்வார்களா என்று கேட்டால் ஓரளவு உருப்படியான பதில் வரும். ஜெர்மன் பேசுகிற மனிதர் ஒருவர் வாரத்துக்கு ஒரு முறை கிடைத்தால் அதைவிட நல்லது.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ கோத்தே நிறுவனத்தின் பி1 என்ற இடைநிலை ஜெர்மன் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று. அதில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வாங்கினால்தான் தேர்ச்சி. நான் சொன்ன முறை வாசிப்பையும் எழுத்தையும் தூக்கிவிடும். காதுக்கு ஒன்றும் செய்யாது. அதற்கு சீகன்பால்குவின் இரவு நேர ஏற்பாடுதான் சரி. லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்த கிரிம் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கஞ்சிக் கதையை இருவழியும் எழுதி முடித்தபிறகு போட்டுக் கேளுங்கள், ஒரு சொல்லும் நழுவாது. கடைசியில் மகள் வந்து ‘நில்’ என்கிறாள், சட்டி நிற்கிறது, ஊருக்குள் திரும்பி வர நினைத்தவர்களெல்லாம் வழியிலுள்ள கஞ்சியைத் தின்று தீர்த்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அந்தக் கடைசி வரியைச் சொந்தமாக ஜெர்மனில் எழுதிப் பாருங்கள். ‘தின்று வழி உண்டாக்கிக்கொண்டு போவது’ முழுவதையும் அவர்கள் ஒரே வினைச்சொல்லில் அடக்கியிருக்கிறார்கள்.